லோடு முழுசா வந்துச்சா?



உங்க ப்ராஜெக்ட்ல ஆர்டுயினோவோ, ஏதோ ஒரு சென்சார் போர்டோ யூ.எஸ்.பி. கேபிள் வழியா லேப்டாப்போட பேசுதா? அப்ப இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

"பல்க் டிரான்ஸ்ஃபர்னா என்ன?"னு வைவாவில் கேட்டா நம்ம எல்லாருக்கும் பதில் தெரியும். "அதிக அளவு டேட்டாவைப் பிழையில்லாம அனுப்பும், பேண்ட்விட்த் உத்தரவாதம் கிடையாது." ரெண்டு மார்க். நானும் அதை மனப்பாடம் பண்ணி எழுதினவன்தான். அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரிஞ்சது, ஒரு எடை மேடையில் அசிங்கப்பட்டு நின்ன அன்னிக்குத்தான்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. டேட்டா ஒழுங்கா வரும்போது அதை வாங்கிக்கிற கோடு சின்ன வேலை. பாதி வந்தா என்ன, வராமலே இருந்தா என்ன, வந்துட்டு இருக்கும்போதே கேபிள் கழன்றா என்னன்னு எழுதுறதுதான் டிரைவர் எழுதுற வேலை. நம்ம லேப்ல இந்த ரெண்டாவது பாதியை யாரும் கேட்கிறதில்லை. கேட்காததால நாமும் எழுதுறதில்லை. இது மாறணும்.

நாலாவது வண்டி

சேலம் - நாமக்கல் ரோட்டில், ராசிபுரம் பக்கம் ஒரு எடை மேடை. சேகோ ஆலைகளுக்குப் போற குச்சிக்கிழங்கு டிராக்டரும் லாரியும் அங்கே ஏறி எடை போட்டுத்தான் போகும். எடை மேடையோட இண்டிகேட்டர் பழைய சீரியல் போர்ட் வழியா எடையை அனுப்பும். அதை ஒரு யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர் கேபிளில் லேப்டாப்புக்குக் கொண்டு வந்து, வண்டி நம்பரோட சேமிச்சு, சீட்டு அடிக்கிறது எங்க மினி ப்ராஜெக்ட். நாங்க மூணு பேர்.

லேப்ல பிரமாதமா ஓடுச்சு. இண்டிகேட்டருக்குப் பதிலா ஆர்டுயினோவை வச்சு, செகண்டுக்கு ஒரு வரி அனுப்பிப் பார்த்தோம். ஸ்கிரீன்ல அழகா நம்பர் வந்துச்சு. அந்தத் தைரியத்துல நேரா எடை மேடைக்குப் போய்ட்டோம்.

மூணு வண்டி சரியா வந்துச்சு. நாலாவதா ஒரு குச்சிக்கிழங்கு டிராக்டர் ஏறுச்சு. டிஸ்ப்ளேல சிவப்பு எழுத்துல 8620. எங்க ஸ்கிரீன்ல 620. எடை போடுற அண்ணன் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, டிராக்டரே ரெண்டு டன் இருக்கும். உங்க கம்ப்யூட்டர் கிழங்கையும் சேர்த்து அறுநூத்தி இருபது கிலோங்குது?"

கேபிளை மாத்தினோம். பாட் ரேட்டைச் சரிபார்த்தோம். கன்வெர்ட்டர் சரியில்லைன்னு ஒருத்தன் சொன்னான். இண்டிகேட்டர் பழசுன்னு இன்னொருத்தன் சொன்னான். கடைசியில் தப்பு எங்க கோடுலதான் இருந்துச்சு.

இண்டிகேட்டர் அனுப்புற ஒரு வரி 12 எழுத்து. ஆரம்பக் குறி, 008620 மாதிரி ஆறு இலக்கம், கிலோ, கடைசியில் முடிவுக் குறி. இடைவெளியே இல்லாம வரி வரியா வந்துகிட்டே இருக்கும். நாங்க 'சேவ்' அழுத்துற நேரத்துக்கு எந்த இடத்துல வெட்டு விழுதோ, அங்கிருந்து படிச்சு, முதல்ல கண்ணுல படுற நம்பரை எடையா எடுத்துக்கிட்டோம். வெட்டு முதல் பூஜ்யத்துக்கு முன்னாடியோ, 8-க்கு முன்னாடியோ விழுந்தா நம்பர் சரி. கிலோகிட்ட விழுந்தா அடுத்த வரியோட முழு நம்பர் கிடைக்கும், அதுவும் சரி. 8-க்குப் பின்னாடி விழுந்தா மட்டும் 620, 20, இல்லேன்னா 0. அதாவது 12 இடத்துல 3 இடம் தப்பு. கணக்குப்படியே நாலு வண்டிக்கு ஒண்ணு.

லேப்ல ஏன் தெரியலை? ஆர்டுயினோ ஒரு வரி அனுப்பிட்டு ஒரு செகண்ட் சும்மா இருந்துச்சு. நாங்க படிக்கும்போதெல்லாம் முழு வரி தயாரா இருந்துச்சு. நாங்க டெஸ்ட் பண்ணது எங்க கோடை இல்லை, ஆர்டுயினோவோட பொறுமையை.

620 பார்த்தவுடனே தப்புன்னு தெரிஞ்சுது, சிரிச்சுட்டு விட்டோம். என்னைத் தூங்கவிடாம பண்ணது வேற ஒரு நம்பர். 18620 கிலோ லாரி ஒண்ணு ஏறியிருந்து, முதல் இலக்கம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தா? 8620. அதுவும் ஒரு வண்டியோட எடை மாதிரியேதான் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. கிழங்குக்கு எடையும் மாவுச்சத்துப் பாயிண்டும் பார்த்துத்தான் காசு. பத்து மாசம் காட்டுல கிடந்து பாடுபட்டவரோட பத்து டன்னை எங்க கோடு ஓசையில்லாம சாப்பிட்டிருக்கும்.

லாரியும் பால் வண்டியும்

இந்தக் கதையில் பல்க் எங்கே வருதுன்னு கேட்பீங்க. கன்வெர்ட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ஓடுறது முழுக்க பல்க் டிரான்ஸ்ஃபர்தான். உங்க ஆர்டுயினோவும் அப்படித்தான். மலிவு விலை நானோ போர்டுகள்ல சி.எச். 340-ன்னு ஒரு சின்ன சிப் இருக்குமே, அது பல்க் வழியாத்தான் எழுத்துகளை அனுப்புது.

யூ.எஸ்.பி.யில் நாலு வகை டிரான்ஸ்ஃபர். கண்ட்ரோல் என்பது சாதனத்தை அடையாளம் கண்டு கட்டளை கொடுக்க. இண்டரப்ட் என்பது கீபோர்டு, மவுஸ் மாதிரி; ஹோஸ்ட் குறிப்பிட்ட இடைவெளியில் "ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஐசோக்ரனஸ் நம்ம ஊர் பால் வண்டி. நேரத்துக்குக் கிளம்பியாகணும், வழியில் சிந்தினா திரும்பப் போய் எடுத்துட்டு வராது. வெப் கேமராவுக்கும் மைக்குக்கும் அது போதும்.

பல்க் நாமக்கல் லாரி. ரோடு காலியா இருந்தா பறக்கும், நெரிசலா இருந்தா ஓரமா நிக்கும். எப்ப வந்து சேரும்னு சொல்லாது. ஆனா ஏத்தின லோடை வரிசை மாறாம, சேதமில்லாம இறக்கும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 16 பிட் சி.ஆர்.சி. உண்டு. தப்பா வந்தா ஹோஸ்ட் கண்ட்ரோலரே திரும்ப முயற்சி பண்ணும். பென்டிரைவும் பிரிண்டரும் பல்க்கை நம்பி ஓடுறது இதனாலதான்.

வேகக் கணக்கும் பார்த்துடலாம். யூ.எஸ்.பி. 2.0-வின் ஹை ஸ்பீடு 480 மெகாபிட். எட்டால வகுத்து 60 மெகாபைட்னு நாம எழுதுவோம். ஆனா 125 மைக்ரோசெகண்ட் கொண்ட ஒவ்வொரு மைக்ரோஃப்ரேமிலும் அதிகபட்சம் 13 பல்க் பாக்கெட்டுக்குத்தான் இடம். ஒரு பாக்கெட் 512 பைட். செகண்டுக்கு 8000 மைக்ரோஃப்ரேம். பெருக்கினா 53 மெகாபைட் சொச்சம். அதுவும் ரோட்டில் வேற வண்டியே இல்லாதபோது. பக்கத்து போர்ட்ல ஒரு வெப் கேமரா ஓடினா, அது எடுத்தது போக மிச்சம்தான் பல்க்குக்கு.

பல்க் கொடுக்காத வாக்கு

ரெண்டு மார்க் பதிலில் இல்லாத ரெண்டு விஷயம் இருக்கு.

முதல் விஷயம், நேரம். சாதனம் "இப்ப முடியாது, அப்புறம் வா"ன்னு எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம். அது பிழையே கிடையாது. ஹோஸ்ட் கேட்டுக்கிட்டே இருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது நீங்க. லினக்ஸ் கர்னலில் யூ.எஸ்.பி. பல்க் மெசேஜ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதுல டைம்அவுட் இடத்துல 0 போட்டா "உடனே திரும்பு"ன்னு அர்த்தம் இல்லை. "எப்பவும் காத்திரு"ன்னு அர்த்தம்.

ரெண்டாவது, செய்தியோட எல்லை. உங்களோட "ஒரு வரி", "ஒரு எடை" எதுவும் பல்க்குக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பாக்கெட் மட்டும். ஃபுல் ஸ்பீடில் அதிகபட்சம் 64 பைட், ஹை ஸ்பீடில் 512, சூப்பர் ஸ்பீடில் 1024. அதைவிடச் சின்ன பாக்கெட் வந்தா டிரான்ஸ்ஃபர் முடிஞ்சதுன்னு எடுத்துக்கும்.

எஃப்.டி. 232 வகைக் கன்வெர்ட்டரை எடுத்துக்கோங்க. 64 பைட் பாக்கெட்டில் முதல் 2 பைட் நிலைத் தகவல், மீதி 62 தான் நம்ம டேட்டா. பாக்கெட் நிறையலைன்னா, சொந்த டைமர்படி, வழக்கமா 16 மில்லிசெகண்டில், கையில் இருக்கிறதை அனுப்பிடும். 9600 பாட்ல ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல. ஆக 16 மில்லிசெகண்டில் சுமார் 15 எழுத்து. எங்க வரியோ 12 எழுத்து. பதினைஞ்சுக்கும் பன்னெண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? வரி நடுவில் உடையறது விபத்து இல்லை, அப்படித்தான் உடையும். சிப் சரியா வேலை செஞ்சுது, டிரைவர் சரியா வேலை செஞ்சுது. முடிவுக் குறி வர்ற வரைக்கும் சேர்த்து வைக்க வேண்டிய எங்க கோடுதான் அதைச் செய்யலை.

டிரைவர் எழுத உட்கார்ந்தா

இதே தப்பை ஒரு படி கீழே, கர்னலுக்குள்ள பண்ணினா ஸ்கிரீன்ல தப்பு நம்பரோட நிக்காது. மிஷினே உறைஞ்சு போகும். அதனால முதல் பல்க் டிரைவர் எழுதுறவங்க கவனிக்க வேண்டியதைச் சொல்றேன்.

ஒண்ணு, ஃபங்ஷன் 0 திருப்பினா "வெற்றி"ன்னு விட்டுடாதீங்க. உண்மையில் எத்தனை பைட் வந்ததுன்னு தனியா ஒரு வேரியபிள்ல தருது, அதைப் பாருங்க. டைம்அவுட் பிழை வந்தாலும் அதைப் பாருங்க. நேரம் முடியுறதுக்குள்ள பாதி லோடு இறங்கியிருக்கலாம். பிழைன்னு சொல்லித் தூக்கிப் போட்டா அந்தப் பாதி போச்சு. அடுத்த தடவை படிக்கும்போது மீதிப் பாதியை முழுசுன்னு நினைப்பீங்க. 620 கதைதான் மறுபடியும்.

ரெண்டு, பஃபரை ஃபங்ஷனுக்குள்ள சாதாரண அரேயா அறிவிக்காதீங்க. கே-மேலாக்கில் வாங்குங்க. யூ.எஸ்.பி. கண்ட்ரோலர் டி.எம்.ஏ. வழியா நேரா மெமரியில் எழுதும். ஸ்டேக் மெமரி அதுக்கு ஆகாது. ரொம்ப நாள் இது "தப்பு, ஆனா ஓடும்" ரகமா இருந்துச்சு. 2016 டிசம்பரில் வந்த 4.9 கர்னல்ல எக்ஸ் 86 மிஷின்களுக்கு ஸ்டேக் அமைப்பையே மாத்தினப்போ, அப்படி எழுதியிருந்த பழைய டிரைவர்கள் பலதும் படுத்துச்சு. ஓடுதுங்கிறதும் சரின்னு இருக்கிறதும் வேற வேறன்னு கர்னலே பாடம் எடுத்த சம்பவம் அது.

மூணு, பஃபர் அளவு பாக்கெட் அளவோட மடங்கா இருக்கட்டும். பத்து பைட் கேட்டு, சாதனம் பன்னெண்டு பைட் பாக்கெட்டை அனுப்பினா ஓவர்ஃப்ளோ பிழைதான் கிடைக்கும். இதுக்கு எதிர்ப் பக்கமும் ஒரு குழி இருக்கு. ஹை ஸ்பீடில் சாதனம் சரியா 512 பைட் பதில் அனுப்புது, நீங்க 4096 கேட்டிருக்கீங்கன்னு வைங்க. சின்ன பாக்கெட் வரலையே, இன்னும் வரும்போலன்னு ஹோஸ்ட் காத்திருக்கும். "அவ்வளவுதான்"னு சொல்ல சாதனம் காலியா ஒரு பாக்கெட் அனுப்பணும். 511 பைட்டுக்கு ஓடுற கோடு 512-ல் தொங்குறது இதனாலதான்.

நாலு, சாதனம் ஸ்டால்னு சொன்னா, அந்த எண்ட்பாயிண்ட் நின்னு போச்சுன்னு அர்த்தம். திரும்பத் திரும்பக் கேட்டு பிரயோஜனம் இல்லை. ஹால்ட்டைக் கிளியர் பண்ணிட்டுத்தான் மேலே போகணும்.

அஞ்சாவது, நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது: கேபிள் கழலும். எடை மேடை ரூம்ல கேபிள் கால்ல மாட்டும், கரண்ட் போகும். யூ.ஆர்.பி. ஒண்ணு பாதி வழியில் போய்ட்டு இருக்கும்போது டிஸ்கனெக்ட் வந்தா, ஓடுறதை எல்லாம் முதல்ல நிறுத்தணும். வேற யாராவது ஃபைலைத் திறந்து வச்சிருந்தா, அவங்க மூடுற வரைக்கும் மெமரியை விடக்கூடாது. இதை எப்படிச் செய்யறதுன்னு கர்னல் மூலக் கோடுக்குள்ளேயே யூ.எஸ்.பி. ஸ்கெலிட்டன்னு ஒரு மாதிரி டிரைவர் இருக்கு. சில நூறு வரிகள்தான். அதுல எத்தனை வரி டேட்டாவை நகர்த்துது, எத்தனை வரி "ஒருவேளை கழன்றா", "ஒருவேளை பாதி வந்தா"ன்னு யோசிக்குதுன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ஒரே சமயத்துல 8 ரைட்டுக்கு மேல வழியில் இருக்கக்கூடாதுன்னு ஒரு எல்லைகூட வச்சிருக்காங்க. ரெடிமேட் டெமோ கோடுகள்ல இதெல்லாம் இருக்காது.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு?"

ரெண்டு எதிர்க்கேள்வி வரும்னு தெரியும்.

"லிப் யூ.எஸ்.பி. இருக்கே, கர்னல் டிரைவர் ஏன்?" நியாயமான கேள்வி. நம்ம ப்ராஜெக்ட் பெரும்பாலானதுக்கு கர்னல் டிரைவர் தேவையே இல்லை, எங்க எடை மேடைக்கும் தேவைப்படலை. ஆனா லிப் யூ.எஸ்.பி.யில் பல்க் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் அதே டைம்அவுட், அதே "எத்தனை பைட் போச்சு" வேரியபிள் உங்க முன்னாடி வந்து நிக்கும். மாடி மாறினாலும் வீடு அதேதான்.

"கம்பெனியில் ஜாவாவும் வெப்பும்தானே கேட்கிறாங்க?" அங்கேயும் டி.சி.பி. சாக்கெட்டில் இருந்து படிப்பீங்கல்ல? அதுவும் பைட் ஓட்டம்தான். நீங்க அனுப்பின ஒரு மெசேஜ் அந்தப் பக்கம் ரெண்டு துண்டா வரலாம், ரெண்டு மெசேஜ் ஒட்டி ஒண்ணா வரலாம். பல்க்கில் இதைக் கத்துக்கிட்டவங்க சாக்கெட்டில் ஏமாற மாட்டாங்க.

யூ.எஸ்.பி.யை வடிவமைச்ச இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட். வதோதராவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படிச்சவர். 1996-ல் முதல் பதிப்பு வந்தது. யார் வேணும்னாலும் செருகலாம், செருகினா வேலை செய்யணும்ங்கிறதுதான் அதோட நோக்கம். செருகுறவங்களுக்கு அது எளிமையா இருக்கணும்னா, உள்ளே எழுதுறவங்க கஷ்டத்தைத் தலையில் ஏத்துக்கணும். நாம செருகுற பக்கம் மட்டும் நின்னுட்டு, எம்பெடட் தெரியும்னு ரெஸ்யூமில் போட்டுக்கிறோம்.

ரிவ்யூல கேபிளைப் புடுங்குங்க

அதனால என் கோரிக்கை இது. அடுத்த ப்ராஜெக்ட் ரிவ்யூவில் டெமோ ஓடிட்டு இருக்கும்போதே யாராவது எழுந்து போய் கேபிளைப் புடுங்கணும். திரும்பச் செருகணும். புரோகிராம் எழுந்து நிக்குதான்னு பார்க்கணும். இடைவெளியில்லாம டேட்டாவைக் கொட்டிப் பார்க்கணும். பாக்கெட் அளவுக்குச் சரியா ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்க்கணும். ஒரே ஹப்பில் ரெண்டு சாதனம் செருகிப் பார்க்கணும். இதுக்கெல்லாம் மார்க் வேணும். சார், மேடம் இதைப் படிச்சா, தயவுசெஞ்சு ரெக்கார்டு நோட்டில் "அவுட்புட்" பக்கத்துக்கு அடுத்து "தோத்துப் போன டெஸ்ட்"னு ஒரு பக்கம் கேளுங்க.

கருவிக்குக் காசு செலவில்லை. லினக்ஸில் யூ.எஸ்.பி. மான் இருக்கு, வயர்ஷார்க்கில் திறந்தா ஒவ்வொரு யூ.ஆர்.பி.யும் எத்தனை பைட்டோட போச்சு, வந்துச்சுன்னு கண்ணால பார்க்கலாம். கர்னல் டிரைவரைப் பழக ஒரு பழைய மிஷின் போதும். 2011-ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைச்சது வீட்டுப் பரண்ல கிடந்தா தூசி தட்டுங்க. அது உறைஞ்சு போனா யாருக்கும் நஷ்டமில்லை.

நாங்க மறுபடியும் அந்த எடை மேடைக்குப் போனோம். இந்தத் தடவை முடிவுக் குறி வர்ற வரைக்கும் சேர்த்து வச்சோம். ஆரம்பக் குறியும் 12 எழுத்தும் சரியா இருந்தா மட்டும் எடுத்துக்கிட்டோம். தொடர்ந்து சில வரி ஒரே எடை காட்டினா மட்டும் 'சேவ்' பட்டனைத் திறந்தோம். கேபிள் கழன்றா சிவப்புல "தொடர்பு இல்லை"ன்னு காட்டி, சீட்டே அடிக்காம பண்ணோம். மொத்தம் நாப்பது வரிகூட இருக்காது.

அந்த அண்ணன் ஸ்கிரீனைப் பார்த்தார், டிஸ்ப்ளேவைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இப்ப வர்ற நம்பர் முழு நம்பர்தானான்னு உங்க மிஷினுக்குத் தெரியுமா தம்பி?"

தெரியும்ங்கண்ணான்னு சொல்ல முடிஞ்சுது. உங்க ப்ராஜெக்ட்டைப் பத்தி இதே கேள்வியை யாராவது கேட்டா, உங்களால சொல்ல முடியுமா?